சிக்னல் வரவில்லை

மணிமாறன் சிங்கப்பூரிலிருந்து கொடுத்தனுப்பிய பெட்டியில் கடிதம் எதுவும் இல்லை. அரங்கநாதன் தெர்மாகோல் துண்டுகளைக்கூட விடாமல் உதறிப் பார்த்துவிட்டார். உள்ளே இருந்தது வீட்டில் வைத்துப் பார்க்கும் வானிலைக் கருவி. மொட்டைமாடியில் மாட்ட வெள்ளையாக ஒரு சென்சார், கூடத்தில் வைக்க ஒரு சின்னத் திரை. வெளியே எவ்வளவு வெயில், எவ்வளவு ஈரம், மழை வருமா வராதா என்பதையெல்லாம் சென்சார் கம்பியில்லாமலே திரைக்குச் சொல்லிவிடுமாம். கொண்டுவந்த நண்பன் சென்சாரை மாடியில் மாட்டி, இவ்வளவையும் விளக்கிவிட்டு, காபிகூடக் குடிக்காமல் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பிவிட்டான்.

எதற்காக மகன் இதைப் போய் அனுப்பினான் என்று அரங்கநாதன் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. முந்தைய ஐப்பசியில் அவர் மனைவி விசாலாட்சி ஒரு மத்தியானம் மாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. ராத்திரி விமானம் ஏறி விடிவதற்குள் வந்துவிடுகிறேன், அம்மாவை வைத்திருங்கள் என்று மணிமாறன் போனில் அழுதான். சாயங்காலம் மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. சுடுகாட்டுக்குப் போகும் வழியில் ஓடை. மழை பிடித்துக்கொண்டால் தண்ணீர் வடியும்வரை பிணத்தைத் தூக்கிக்கொண்டு யாரும் அந்தப் பக்கம் போக முடியாது. பங்காளிகள் ஆளாளுக்கு வானத்தைப் பார்த்துவிட்டு அவசரப்படுத்தினார்கள். வானம் பார்க்கத் தெரியாதவன் என்று எவனாவது இந்த ஊரில் ஒப்புக்கொள்வானா? அரங்கநாதன் தலையை ஆட்டிவிட்டார். தம்பி மகன் கொள்ளி வைத்தான்.

மழை பெய்யவில்லை. ஒரு தூறல் இல்லை. மறுநாள் பளீரென்ற வெயிலில் மணிமாறன் வந்து இறங்கினான். சாம்பலைப் பார்த்தான், அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. பால் தெளித்த கையோடு பையைத் தூக்கிக்கொண்டு போனவன், வருஷம் திரும்பும்வரை ஒரு போன் செய்யவில்லை. அதற்குப் பிறகு வந்ததுதான் இந்தப் பெட்டி. செருப்பால் அடித்த மாதிரி இருந்தது அவருக்கு. ஆனாலும் அடிப்பதற்காவது தன்னை நினைத்தானே என்று ஒரு ஆறுதல். மனுஷ மனசு அவ்வளவு கேவலமானது.

அந்த ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தது.

"பொட்டி வந்துச்சா? ஓடுதா?"

"வந்துச்சுடா. நம்பர் ஒண்ணும் காட்டல. வெறும் கோடு கோடா நிக்குது."

மணிமாறன் இன்ஜினியர். அப்பாவை மன்னிக்காமல் இருக்க அவனால் முடிந்தது, ஓடாத கருவியை அப்படியே விட முடியவில்லை. பேட்டரியை மாற்றச் சொன்னான். அடுத்த ஞாயிறு, சென்சாரைத் தண்ணீர்த் தொட்டியின் மறைவிலிருந்து இந்தப் பக்கம் நகர்த்தச் சொன்னான். அதற்கடுத்த வாரம், டிவிக்கும் இன்வெர்ட்டருக்கும் பக்கத்தில் திரையை வைக்காதே என்றான். மகன் சொன்னதையெல்லாம் அரங்கநாதன் செய்தார். முட்டிவலியோடு மாடிக்கும் கூடத்துக்கும் அலைந்தார். கோடு மாறவில்லை.

விஷயம் என்னவென்றால், திரை கூடத்திலேயே இல்லை. எங்கள் பக்கத்தில் கொஞ்சம் விலை போகும் சாமான் என்றால் அது பீரோவுக்குள்தான் போகும். டிவி ரிமோட்டுக்கே பிளாஸ்டிக் உறை போட்டு முடிச்சுப் போடுகிற ஜனங்கள் நாங்கள். அரங்கநாதனும் திரையை விசாலாட்சியின் பட்டுப்புடவைகளுக்கு நடுவே வைத்து, இரும்பு பீரோவைப் பூட்டி, சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை போன் வரும் நேரத்துக்குத் திறந்து எட்டிப்பார்ப்பார். சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு மணிமாறன் எதை வேண்டுமானாலும் யோசித்திருப்பான், இதை எப்படி யோசிப்பான்?

ஒரு வாரம் பேச்சுவாக்கில், சுற்றிலும் இரும்பு இருந்தால் சிக்னல் உள்ளே நுழையாது என்று சொன்னான். போனை வைத்த பிறகுதான் அரங்கநாதனுக்கு உறைத்தது. பீரோவைத் திறந்து திரையை எடுத்து ஜன்னலோரம் வைத்தார். காபி போட்டு எடுத்து வருவதற்குள் கோடுகள் போய் எண்கள் வந்துவிட்டன. வெளியே இருக்கும் வெயில், காற்றின் ஈரம், ஒரு ஓரத்தில் குட்டியாக ஒரு சூரியன். சின்னப்பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டே போனை எடுத்தார். எடுத்தவர் அப்படியே நின்றார். சொன்னால் என்ன ஆகும்? சரி என்பான். வைத்துவிடுவான். அடுத்த ஞாயிறு எதற்குக் கூப்பிடுவான்?

திரையைத் திரும்பப் பீரோவில் வைத்துப் பூட்டினார்.

"கோடுதாண்டா காட்டுது," என்றார் அடுத்த ஞாயிறு. அதற்கடுத்த ஞாயிறும் அதையே சொன்னார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷன், மகனிடம் மட்டும் அவ்வளவு சுத்தமாகச் சொன்னார். கருவியைப் பற்றிய பேச்சு முடிந்த பிறகும் மணிமாறன் சில நேரம் போனை வைக்காமல் இருந்தான். சாப்பிட்டாயா என்று ஒரு தரம் கேட்டான். பிரஷர் மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாயா என்று கேட்டான். பின்னாலிருந்து மருமகள் பானுப்ரியா யாரையோ அதட்டுவது கேட்கும். அரங்கநாதனுக்கு அந்தச் சத்தமே போதுமாக இருந்தது. அன்றைக்குப் பயந்துபோய்த் தலையாட்டிவிட்டேன்டா, தப்புதான்டா என்று சொல்ல வேண்டும். வாய்வரை வந்த வார்த்தையை, அடுத்த வாரம் ஆகட்டும் என்று விழுங்கினார்.

அடுத்த வாரம் மணிமாறன்தான் முந்திக்கொண்டான். "அது வேலைக்கு ஆவாது. வேற ஒண்ணு புக் பண்ணிட்டேன். விழுப்புரத்துலேர்ந்து ஆள் வந்து மாட்டிட்டுப் போவாரு. நீ ஒண்ணும் பண்ண வேணாம்."

வந்தவர் சீனுவாசன் என்கிற டெக்னீஷியன். வேலை தெரிந்த ஆள். மாடியில் எந்தச் சுவரும் மறைக்காத மூலையில் கம்பம் நட்டு, மழைமானியோடு சேர்ந்த பெரிய சென்சாரை மாட்டினார். அதற்கு நேர் கீழே ஜன்னலில் திரை, பக்கத்தில் இன்டர்நெட் பெட்டி. இனி இங்கே காட்டுவதெல்லாம் சிங்கப்பூரில் மணிமாறனின் செல்போனிலேயே தெரியும் என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் போன் வந்தது.

"வருது. இங்கயே எல்லாம் தெரியுது. இனிமே உனக்குத் தொந்தரவு இல்ல."

அதற்குப் பிறகு ஞாயிறுகள் வந்தன, போன் வரவில்லை. பொங்கலுக்கு அரங்கநாதனே கூப்பிட்டார். எல்லாம் சரியாகத்தானே வருகிறது, மீட்டிங்கில் இருக்கிறேன் என்று வைத்துவிட்டான். திரையில் சிக்னல் குச்சிகள் ஒன்று குறையாமல் நின்றன.

கத்திரி வெயில் மண்டையைப் பிளந்த ஒரு நாள், சொம்பில் தண்ணீரை எடுத்துக்கொண்டு மாடி ஏறினார். மழைமானியில் கொஞ்சங்கொஞ்சமாக ஊற்றினார். கீழே வந்து பார்த்தால் திரையில் மழை பெய்திருந்தது. எங்கும் பொட்டு மேகமில்லாத நாளில் நம் வீட்டில் மட்டும் மழையா என்று மகன் கேட்காமல் இருக்க மாட்டான். கேட்டதும் முதல் வார்த்தையாக மன்னிப்பைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மறுநாளும் ஊற்றினார். அதற்கு மறுநாள் குடத்தோடு ஏறினார்.

போன் வரவில்லை. வந்தது சீனுவாசனின் பைக்.

"உங்க பையன் மெசேஜ் போட்டிருந்தாருங்க. வெயில்ல மழை காட்டுதாம். மெஷின் கெட்டுப்போச்சான்னு பார்க்கச் சொன்னாரு."

"என்னப் பத்தி எதுனா கேட்டானா?"

சீனுவாசன் நல்ல மனுஷர். இல்லை என்று சட்டென்று சொல்ல வரவில்லை அவருக்கு. போனை எடுத்து, மேலும் கீழும் தள்ளி, இல்லாத ஒன்றைத் தேடுகிற மாதிரி கொஞ்ச நேரம் தேடினார். பிறகு மாடிக்குப் போய், மழைமானியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். அரங்கநாதன் பின்னாலேயே ஏறிப்போய், கம்பத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

வேலை முடிந்ததும் சீனுவாசன் செல்போனை உயர்த்திப் பிடித்தார்.

"சரி பண்ணிட்டேன்னு உங்க பையனுக்கு போட்டோ அனுப்பணுங்க. மெஷின் மட்டும் தெரிஞ்சா போதுமாம். நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

அரங்கநாதன் கையை எடுத்துவிட்டுத் தள்ளி நின்றார்.