ஏழு தண்டுக் கோரை

செடியைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாமலேயே எண்பது செடிகளைச் சேர்த்துவிடலாம் என்று எங்கள் கூசமோ ஊருக்குக் காட்டியவன் அவுலிஸ். மருந்துக்கடைக்காரர் மகன், என் வகுப்பு. அந்தக் காலத்தில் கோடை விடுமுறை முடிவதற்குள் எண்பது காட்டுச் செடிகளை வேரோடு எடுத்து, பழைய செய்தித்தாளில் அழுத்தி உலர்த்தி, பெயரும் இடமும் தேதியும் எழுதிக் கொடுக்க வேண்டும். ஃபின்லாந்தில் இதிலிருந்து தப்பிய பிள்ளை கிடையாது. ஏமாற்றிய பிள்ளைகள் ஏராளம்.

நான் ஜூன் பிறந்ததிலிருந்து சதுப்பிலேயே கிடந்தேன். கொசுவுக்காக முகமெல்லாம் தார் எண்ணெய், ரப்பர் பூட்ஸுக்குள் தண்ணீர். அவுலிஸ் படகில் படுத்துக்கொண்டு தூண்டில் போட்டான்.

"என்னடி ஹில்க்கா, தவளைக்கு வாக்கப்பட்டுட்டியா?" என்று ஒருநாள் கரையில் கேட்டான்.

"உன் எண்பது எங்கடா?"

"பெரியப்பா பொண்ணு தெக்கே துர்க்கு ஊர்ல படிக்கும்போது செஞ்சது அப்படியே இருக்கு. சீட்டை மாத்தி ஒட்டினா முடிஞ்சுது. பசை இருந்தா போதும், இதுக்குப் போய் அலட்டிக்கிறியே!"

இந்த மூஞ்சிக்கும் எனக்கும் ஒரே போட்டி என்பதுதான் வயிற்றெரிச்சல். எங்கள் கல்லுங்கி டீச்சர் கோடைதோறும் வடக்கே மொட்டை மலைகளுக்குப் போய் ஆறு வாரம் செடிக் கணக்கு எடுப்பார். அடுத்த கோடையில் வகுப்பிலிருந்து ஒருவரைக் கூட்டிப் போவதாகச் சொல்லியிருந்தார். அந்த ஒரு இடத்துக்காக நான் எதையும் செய்திருப்பேன். செய்தேன்.

பூவைப் பார்த்துப் பெயர் சொல்வது கழுதைக்கும் வரும். நான் கோரையை எடுத்துக்கொண்டேன். எல்லாம் ஒன்றுபோலவே நிற்கும். தண்டை விரலிடுக்கில் உருட்டினால் மூன்று விளிம்பு தட்டும். அது கோரை, புல் இல்லை. அதற்கப்புறம் முழங்காலிட்டு, லென்ஸைக் கண்ணோடு ஒட்டி, கடுகைவிடச் சின்னக் காயின் மூக்கு எந்தப் பக்கம் வளைகிறது என்று பார்க்க வேண்டும். முதல் வாரம் இருபதில் பதினேழு தப்பு. ஜூலையில் கண்ணை மூடிக்கொண்டே ஆறு வகை சொன்னேன். திமிர் வந்தது, வராமல் என்ன செய்யும்?

ஜூலை பதினான்காம் தேதி, கரடி ஊற்றின் வடகரையில் அதைப் பார்த்தேன். செடிப் புத்தகத்தில் இந்த வட்டாரத்திலேயே இல்லை என்று போட்டிருந்த கோரை. மெலிந்த ஏழு தண்டுகள். அரைமணி நேரம் லென்ஸைப் பிடித்துப் பார்த்து உறுதி செய்தேன். பக்கத்தில் வெளுத்துப்போன குச்சி ஒன்று நட்டிருந்தது. கலைமான் வேலி போட வந்த எவனோ விட்டுப்போனது என்று பிடுங்கி எறிந்தேன்.

ஒரு தண்டு போதும். ஆனால் மீதியை விட்டால், காசு கொடுத்தாவது அவுலிஸ் யாரையாவது அனுப்பி எடுத்துவிடுவான் என்று தோன்றியது. அவனிடம் இருக்கக்கூடாது. ஏழு தண்டையும் வேரோடு எடுத்து, ஒரே தாளில் விசிறிபோல் விரித்து ஒட்டினேன்.

பள்ளி திறந்தது. டீச்சர் முதலில் அவுலிஸின் தாள்களைப் புரட்டினார்.

"இந்த ஓக் மரத்து இலை எங்க எடுத்த?"

"எங்க வீட்டுக்குப் பின்னாடி, டீச்சர்."

"உங்க கொல்லை எண்ணூறு கிலோமீட்டர் தெக்கு வரைக்கும் நீளுமா? இங்க ஓக் முளைச்சா நான் இந்த மேசையைத் தின்னுடறேன்."

வகுப்பு சிரித்தது. எல்லாரையும்விட நான் சத்தமாகச் சிரித்தேன். அடுத்து என் தாள்கள். எழுபத்தொன்பது வரை ஒரு வார்த்தையும் இல்லை. கடைசித் தாளில் அவர் கை நின்றது.

"பேர் சரி. தேதி சரி. கரடி ஊத்து, வடகரை... இடமும் சரி. நீயே கண்டுபிடிச்சியா?"

"நானேதான், டீச்சர்."

"அங்க ஒரு குச்சி இருந்திருக்குமே?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"நான் நட்டது. எட்டு வருஷமா எண்ணிட்டு வரேன். போன வருஷம் அஞ்சு. இந்த ஜூன்ல ஏழு." தாளை விரலால் எண்ணினார். "ஏழு. எத்தனை விட்டுட்டு வந்த?"

"வேரோட எடுக்கணும்னு நீங்கதானே..."

"ஒண்ணுக்குச் சொன்னேன். மிச்சம் ஆறு எதுக்கு?"

என் கண் என்னைக் கேட்காமல் அவுலிஸ் பக்கம் போனது. டீச்சர் அதைப் பார்த்துவிட்டார். திட்டவில்லை. பத்துக்குப் பத்து போட்டார். அந்த வகுப்பில் வேறு யாருக்கும் பத்து இல்லை.

மே மாதம் பெயரை அறிவித்தார். அவுலிஸ்.

மானம் ரோஷம் பார்க்காமல் நடைக்கூடத்தில் துரத்திப் போய்க் கேட்டேன். "டீச்சர், அவனுக்குப் புல்லுக்கும் கோரைக்கும் வித்தியாசம் தெரியாது!"

"தெரியாதுதான். சொன்ன இடத்துல பையை இறக்குவான், சொன்னா தூக்குவான். எது அபூர்வம்னு அவனுக்குத் தெரியாது, அதனால எல்லாமே தப்பிச்சுக்கும்." கோட்டை மாட்டிக்கொண்டார். "உனக்குத் தெரியும். உன்னை நம்பி எந்த மலைக்குக் கூட்டிட்டுப் போறது?"

அதன்பின் பதினொரு ஜூலை மாதங்கள் கரடி ஊற்றின் வடகரையில் முழங்காலிட்டுத் தேடினேன். அவுலிஸை நான் இன்றும் மதிப்பதில்லை. ஆனால் அவன் ஒரு செடியையும் கொன்றதில்லை. அந்தக் கரையில் சாதாரணக் கோரைதான் முளைக்கிறது, எல்லா வகைக்கும் எனக்குப் பெயர் தெரியும்.