முப்பது விநாடி

ஆஸ்பத்திரியின் சர்வர்களில் ஓட்டை இருப்பதாகக் காலை எட்டரைக்கே எச்சரிக்கை வந்துவிட்டது. திருடர்கள் அதன் வழியாகப் புகுந்து நோயாளிகளின் ஃபைல்களைப் பூட்டிவிடுகிறார்களாம். நாற்பது சர்வர்களிலும் ஒவ்வொன்றாகத் திருத்தத்தை ஏற்றியாக வேண்டும். சர்வர்களைப் பார்த்துக்கொள்பவருக்கு அது அரை மணி நேர வேலை. அன்றைக்குப் பார்த்து அந்தப் பாழாய்ப்போன இன்ஸ்டாலர், திருத்தத்தின் ஒவ்வொரு பேக்கேஜுக்கும் அசைவேனா என்று உட்கார்ந்துகொண்டது.

"மச்சான், உன் லைன்ல என்ன எழவுடா? இங்க உயிர் போகுது!" நெட்வொர்க் பார்க்கும் மைத்துனனிடம் போனில் கத்தினார்.

"இதோ பாக்குறேன் மாமா!"

அவன் மாடிக்கும் கீழுக்குமாக ஓடினான். மாமா சிபாரிசில் வந்த வேலை, எதிர்த்துப் பேச வாய் வருமா?

பதினொரு மணிக்குப் பன்னிரண்டு சர்வர்தான் முடிந்திருந்தது. ஆத்திரம் அடங்கிய பிறகுதான் கடிகாரத்தைப் பார்க்க அவருக்குத் தோன்றியது. ஒரு பேக்கேஜுக்கு முப்பது விநாடி. அடுத்ததற்கும் முப்பது. அதற்கடுத்ததற்கும் அதே முப்பது. லைன் கோளாறென்றால் இருபது, ஐம்பது என்று கூடிக் குறையும். இது மெதுவாக ஓடவில்லை, வராத பதிலுக்குக் காத்து நிற்கிறது!

இன்ஸ்டாலர் பேக்கேஜ்களை எங்கே கேட்கிறது என்று விலாசப் பட்டியலைத் திறந்தார். ஒரு விலாசத்தில் முப்பது விநாடி பதில் வராவிட்டால்தான் அடுத்ததற்குப் போகும். முதல் விலாசம், பேக்கேஜ்களைச் சேர்த்துவைத்திருந்த பழைய மெஷின். தண்டத்துக்கு ஓடுகிறதென்று போன மாதம் அதை அணைத்தவர் சாட்சாத் இவரேதான். அணைத்த மகராசன் பட்டியலிலிருந்து அதை அடிக்க மறந்துவிட்டார்.

அந்த ஒரு வரியை அழித்ததும் மளமளவென்று ஏறியது. இருபத்தேழு சர்வர்கள் இருபதே நிமிடத்தில் முடிந்தன. மிச்சம், நோயாளிகளின் ரெக்கார்டு சர்வர். டாக்டர்கள் ஓயாமல் பயன்படுத்துவது என்பதால் அதை எப்போதும் கடைசியில்தான் தொடுவார். உள்ளே போனால் ஃபைல் பெயர்கள் அத்தனையும் மாறிக் கிடந்தன. பூட்டிய நேரம் பத்து ஐம்பது. அதோடு மாட்டியிருந்த பேக்கப் நகலும் போயிருந்தது.

வியர்த்து விறுவிறுத்து மைத்துனன் வந்து நின்றான். திரையைப் பார்த்ததும் அவனுக்கு அழுகை முட்டியது.

"என் லைன்தான் காலை வாரிடுச்சு மாமா. எங்க தப்புன்னு எனக்கே புரியல. நானே மேனேஜர்கிட்ட போய்ச் சொல்லிடுறேன். என் வேலை போனாலும் பரவால்ல, உங்க மேல பழி வரக் கூடாது."

பாவி மனுஷன், வாயைத் திறந்தார்.

"சரி, மொகத்தக் கழுவிட்டுப் போ" என்றார்.