கஞ்சிக்கு முன்னால் ஒரு மாத்திரை

"மாத்திரையை நிறுத்திட்டா இன்னா டாக்டர்? உடம்பு நல்லாத்தானே கீது?"

"உனக்கு நல்லாத்தான் இருக்கும். உள்ள இருக்கற குட்டிக்குத் தைராய்டு இன்னும் வேலையை ஆரம்பிக்கலையே. அதோட மூளை வளர, இப்போதைக்கு உன்கிட்ட இருந்துதான் எடுத்துக்கணும்."

கர்ப்பம் தெரிந்த புதிதில் சந்தவாசல் டாக்டர் ஜெயசுதா சொன்னதை நதியா மறக்கவே இல்லை. தைராய்டு மாத்திரையை ஒரு நாளும் தவறவிட்டதில்லை. அப்படியிருந்தும் இன்று ரத்தப் பரிசோதனையில் டிஎஸ்எச் ஏறியிருந்தது; மருந்து உடம்பில் போதிய அளவு சேரவில்லை என்று அர்த்தம்.

"எப்படிம்மா போடுற?"

பதில் சொன்னது அவள் கணவன் தனசேகரன், அதுவும் பெருமையாக. "வெறும் வயித்துல மருந்து போட்டா குடலைப் பொரட்டும்னு எங்கம்மா விடியறப்பவே சாமைக் கஞ்சி குடுத்துரும் டாக்டர். அப்புறம் இந்த மாத்திரை, கூடவே இரும்பு மாத்திரை. எல்லாம் ஒரே வாய்ல."

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பாசத்தைக் காட்டி மருந்தை வேலை செய்யவிடாம பண்ணிட்டீங்க. எழுந்ததும் வெறும் தண்ணியில இது மட்டும். ஒரு மணி நேரம் போனப்புறம் கஞ்சி. இரும்பு மாத்திரை மதியம் சாப்ட்டு. அளவும் கொஞ்சம் கூட்டித் தர்றேன், சரியாயிடும். ஆனா மாசாமாசம் ரத்தம் பாக்கணும். போன மாசம் ஏன் வரல?"

"மழைங்க. எங்க மலைக்கு பஸ்ஸே வரல," என்றாள் நதியா.

பஸ் நிறுத்தத்தில் தனசேகரன் போனில் அம்மாவிடம் கத்திக்கொண்டிருந்தான். "கஞ்சியே வேணான்னு யாரும்மா சொன்னது? லேட்டா குடுன்றாங்க! ஐயோ, உன் கஞ்சி மேல கோவம் இல்லம்மா!"

நதியா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆனாலும் பல நாளாய்ச் சொல்ல நினைத்ததை இன்னும் அவனிடம் சொல்லவில்லை. அவள் அம்மா வீடு ஆஸ்பத்திரிக்கு அடுத்த தெருதான். அங்கே இருந்தால் மழையும் பஸ்ஸும் ஒரு பொருட்டா? போகிறேன் என்றால் அனுப்பிவிடுவான். அவனை விட்டுவிட்டு இருக்கத்தான் அவளுக்கு மனசில்லை. அவனோ, மாமியார் வீட்டோடு போய்விட்ட பங்காளி நவீன்குமாரை, "மாமியா வூட்டுக் கோழி மேய்க்கறவன்" என்று ஊர் சிரிக்கப் பேசியவன்.

மலை பஸ் வந்து நின்றது. வானம் இருட்டிக்கொண்டு வந்தது. இன்னொரு மாசமும் மழையில் போய்விட்டால்?

"ஏறு புள்ள," என்று படியில் கால் வைத்தவனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"இன்னா?"

"கொழந்த பொறக்கற வரைக்கும் அம்மா வூட்ல இருக்கலாங்க. நீங்களும் வாங்க, என்கூடவே இருங்க. கோழிய நான் மேய்ச்சிக்கறேன்."