வெள்ளையாகத் தெரிந்த தெரு

1

“வெளிய போன படத்தத் திரும்ப வாங்குங்க, சார்.”

செயற்கைக்கோள் படம் பார்த்து வெள்ள வரைபடம் போடும் அலுவலகம் அது. வேலைக்குச் சேர்ந்த அன்றே அவளிடம் சொல்லியிருந்தார்கள்: என்ன வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் கேட்காதே. கேட்டுவிட்டாள்.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு வெள்ளத்தில் முழங்கால் தண்ணீரில் நின்றபடி கைபேசியில் வெள்ள வரைபடத்தைப் பார்த்தேன். என் தெரு காய்ந்து கிடப்பதாக அது சொன்னது. யாரைத் திட்டுவது என்று தேடப் போய், அந்தத் தப்பு எப்படி நடக்கிறது என்பதில் மாட்டிக்கொண்டேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘வானம் பொத்துக்கொண்டு ஊற்றிய அந்தக் காலையில் அவள்—’

வேண்டாம். அவள் வேலை பார்க்கும் அறைக்கு ஜன்னலே கிடையாது. மூன்று திரைகள், நாற்காலி முதுகில் காயும் ஒரு சாக்ஸ்.

செயற்கைக்கோள் அனுப்பும் ரேடார் அலையை மேகம் மறைக்காது. அசையாத தண்ணீர் அதை வேறு பக்கம் தட்டிவிடும். அலை திரும்பாத இடம் படத்தில் கறுப்பு. கறுப்பெல்லாம் வெள்ளம் என்பது அலுவலக வழக்கம். (விமான ஓடுபாதையும் வழவழப்புதான், அதுவும் கறுப்புதான். போன வருஷம் அதை வெள்ளம் என்று நம்பி அங்கே மீட்புப் படகு போனது. படகுக்காரர் போனில் கேட்டார்: “இத ஓட்டணுமா, பறக்க விடணுமா?”)

வீடுகளுக்கு நடுவே தண்ணீர் நின்றால் கதையே வேறு. அலை நீரில் பட்டு, சுவரில் பட்டு, வந்த வழியே திரும்பும். தெரு வெள்ளையாக மின்னும். கறுப்பை மட்டும் தேடும் அலுவலகம் அதைக் காய்ந்த தெரு என்று எண்ணிவிடும்.

3

“ஆறாவது தெரு போன மாசத்தவிட ரொம்ப வெள்ளை, சார். அது தண்ணி.”

“உங்க வீடு அங்கதானே?”

“ஆமா. அப்பா பரண் மேல உக்காந்திருக்காரு. படகுக்காரங்க லிஸ்ட்ல எங்க தெருவே இல்ல.”

“அப்ப இது சொந்த விஷயம்.”

“சொந்த விஷயம்தான். அதனாலதான் கண்ணுல பட்டுச்சு.”

“நாளைக்குப் புதுப் படம் வரும்மா. பாத்துட்டு மாத்தலாம்.”

“தண்ணிகிட்ட கேட்டுப் பாருங்க, நாளை வரைக்கும் ஏறாம நிக்குமான்னு.”

(இந்த அதிகாரியை வில்லனாக்க இரண்டு பத்தி எழுதினேன், ஒட்டவில்லை. ஓடுபாதைப் படகுக்கு வாங்கிய திட்டு இன்னும் ஆறவில்லை. இன்னொரு தப்பை ஒப்புக்கொண்டால் எந்தப் படத்தையும் யாரும் நம்பமாட்டார்கள் என்று நிஜமாகவே பயப்படுகிறார்.)

தங்கள் தெரு படத்தில் காய்ந்து கிடப்பது தெரியாமல் காலையில் அப்பா போனில் சொன்னது அவளுக்குள் இன்னும் குத்திக்கொண்டிருந்தது: “படிச்சவங்க போட்ட படம்மா. தப்பா இருக்காது. படகு வரும்.”

4

முடிவு ஒன்று: அதிகாரி மனம் மாறுகிறார். எனக்கே நம்பிக்கையில்லை.

முடிவு இரண்டு: படகு போய்ச் சேரும்போது பரணில்— இதை எழுதமாட்டேன். நீங்களும் யோசிக்காதீர்கள்.

மூன்றாவதை நான் தேடிக்கொண்டிருந்தபோதே அவள் எழுந்துவிட்டாள். மின்னிய தெருக்களுக்கு, வெள்ளம் என்று, எப்போதோ நீலம் அடித்து முடித்திருக்கிறாள். பிரிண்டர் தாளைத் துப்பியது. கீழே தன் பெயரை எழுதினாள்.

“அது ஆபீஸ் படம் இல்ல!”

“இல்ல சார். என் படம். தப்புன்னா என்னத் திட்டட்டும்.”

“வெளிய போனா திரும்ப வேலைக்கு வர முடியாது.”

“படகுக்காரங்க அஞ்சு மணி வரைக்கும்தான் நிப்பாங்க, சார். இத அவங்க கையில குடுக்கணும்.”

தாளைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, கதவைத் தோளால் தள்ளி வெளியே போனாள். மழை பெய்கிறதா என்றுகூடத் தெரியாமல்தான் போனாள். எனக்கும் தெரியாது, நான் இன்னும் உள்ளேதான் நிற்கிறேன்.