அக்கரைப் பேச்சு

கிளி டீச்சர் என்றால்தான் அந்த மாலைப் பள்ளியில் எல்லோருக்கும் தெரியும். பிழைப்புத் தேடியும் உயிருக்குப் பயந்தும் அந்த நாட்டுக்கு வந்து சேர்ந்தவர்களுக்கு அந்த நாட்டு மொழியைச் சொல்லித்தருவது அவள் வேலை. ஆனால் சொல்லிக்கொடுத்ததைவிட அவள் கற்றுக்கொண்டதுதான் அதிகம். புதிதாக யார் வந்து உட்கார்ந்தாலும் அவர்கள் மொழியில் நாலு வார்த்தையாவது பிடுங்கிக்கொள்ளாமல் விடமாட்டாள். அவர்கள் சொன்ன மாதிரியே அச்சு அசலாகத் திருப்பிச் சொல்வாள். அதனால் வந்த பெயர்.

"உனக்கு எல்லா மொழியும் தெரியும். வாய மூடுற மொழி மட்டும் இன்னும் வரல" என்பார் பேருந்து ஓட்டுநரான அவள் கணவர். அவளும் சிரித்துவிடுவாள்.

கருவிகள் என்றாலும் அவளுக்கு உயிர். சுவரில் தொடுதிரை, மேசைக்கு மேசை ஹெட்போன், பேசினால் குரலை அலை அலையாக வரைந்துகாட்டும் கணினி. இதற்கெல்லாம் முதல்வர் அறைக்கு நடையாய் நடந்தாள். கடைசியில் குடியேற்ற அலுவலகம்தான் கொடுத்தது. பதிவாகும் குரல்களிலெல்லாம் ஒரு பிரதி அங்கேயும் போகும் என்று முதல்வர் சொன்னார்.

"எதுக்கு சார்?"

"ஆராய்ச்சிக்காம்."

"அப்போ தாராளமா போகட்டும்" என்றாள். அவளுக்குப் பெட்டியைப் பிரிக்கிற அவசரம்.

இரண்டாவது வரிசையில் கொத்தனாரும் அவர் மனைவியும் உட்கார்வார்கள். சிமென்ட் அரித்த விரல்களோடு அவர் ஹெட்போனை ஏதோ பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோல எடுத்து மாட்டுவார். புது மொழியில் ஒரு வாக்கியம் சொல்ல அவருக்கு வியர்த்துக் கொட்டும். மனைவி முழங்கையால் இடித்து, "செவுரு கட்டும்போது இப்படியா யோசிப்ப? சொல்லேன்" என்பாள்.

அவர்கள் ஊர்ப் பக்கம் ஒரு பெரிய ஆறு. இக்கரையில் சண்டை. அக்கரையில் வேறு அரசாங்கம், சண்டை இல்லை. இக்கரையிலிருந்து தப்பி வந்தவர்களுக்குத்தான் இந்த நாட்டில் அடைக்கலம். இவர்கள் இரண்டு பேரும் இக்கரை. மனு போட்டுவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தார்கள்.

ஒருநாள் டீச்சர் எல்லோரையும் அவரவர் மொழியில், தெரிந்த ஒரு வேலையைப் பற்றிப் பேசச் சொன்னாள். கொத்தனார் கிணற்றுக்கு உள்சுவர் கட்டுவதைச் சொன்னார். சொந்த மொழி என்றதும் மனிதர் வேறு ஆளாகிவிட்டார். கை ஆடியது, குரல் ஏறியது. ஊற்று என்பதற்கு அவர் சொன்ன வார்த்தையில் கடைசி எழுத்தை விழுங்கினார். டீச்சரின் காது அதை லபக்கென்று பிடித்தது.

"அட, இது அக்கரைப் பேச்சாச்சே! நீங்க அக்கரைக்காரரா?" என்று கைதட்டினாள். அலை திரையில் அழகாக விழுந்திருந்தது. அதைச் சேமித்துவிடும் ஆசையில் உடனே பதிவை நிறுத்தினாள்.

கொத்தனார் ஹெட்போனைக் கழற்றிக் கீழே வைத்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"எங்கம்மா அந்தப் பக்கம் பொறந்தவங்க டீச்சர். நான் இந்தப் பக்கம்தான்."

"அதான பார்த்தேன்! அம்மா பேச்சு ஒட்டிக்கும்" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்தவரிடம் போனாள்.

கொத்தனாருக்கு மனு விசாரணைக்கு அழைப்பு வந்த அன்று அவர் மனைவிதான் ஓடிவந்தாள். டீச்சர் தானாகவே சாட்சி சொல்லப் போனாள். குறுகலான அறை, நீள மேசை, அதன் முன்னால் கொத்தனார், ஒரு தண்ணீர்க் குவளை. அதிகாரி நல்ல மனிதர்போலத்தான் பேசினார். பொத்தானை அழுத்தினார். கிணறு, கல், ஊற்று. அதன் பின்னாலேயே அவள் குரல், சிரிப்பும் கைதட்டலுமாக: 'நீங்க அக்கரைக்காரரா?' அத்தோடு நின்றது.

தன் வாயால் தான் கெடும் தவளையைப் பற்றித்தான் அவள் கேள்விப்பட்டிருக்கிறாள். அவள் வாயால் இன்னொருவர் குடி கெடுவதை அன்றுதான் கண்டாள்.

"சார், பேச்சு அம்மாகிட்டயிருந்து வர்றது. அத வச்சு ஊரச் சொல்ல முடியாது. அவர் அப்பவே பதில் சொன்னார்."

"அந்தப் பதில் இதுல இல்லையேம்மா."

"நான்தான் நிறுத்திட்டேன்."

"அக்கரைன்னு சொன்னதும் நீங்கதான். மொழி தெரிஞ்சவங்கன்னு உங்களப் பத்தி இங்க எல்லாருக்கும் தெரியும்."

கொத்தனார் அவளைத் திரும்பிப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். "பரவால்ல டீச்சர், நீங்க வேணும்னு செய்யல" என்றார். புது மொழியில், ஒரு பிழை இல்லாமல்.

மனுவைத் தள்ளிவிட்டு அவரை அக்கரைக்கு ஏற்றிவிட்டார்கள். அங்கே இறங்கியதும் இக்கரைக்காரன் உளவு பார்க்க வந்திருக்கிறான் என்று பிடித்துக்கொண்டு போனதாக ஒரு சேதி வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. மனைவியின் மனு தனி. அவளுக்கு இங்கேயே இருக்க அனுமதி கிடைத்தது.

வகுப்பில் பாதி நாற்காலிகள் காலியாயின. வந்தவர்களும் ஹெட்போனைத் தொடவில்லை. ஆத்திரம் தாங்காமல் டீச்சர் ஒருநாள் உட்கார்ந்து, பள்ளிக் கணினிகளில் இருந்த குரல்கள் அத்தனையையும் அழித்தாள். முதல்வர் தலையில் அடித்துக்கொண்டார். "உங்க வேலைக்கு நான் பொறுப்பில்ல" என்றார். "நானும் கேக்கல சார்" என்றாள் அவள்.

அடுத்த வாரம் கொத்தனாரின் மனைவி வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"டீச்சர், அவர் குரல் உங்ககிட்ட இருக்குல்ல? அந்தக் கெணத்துக் கத. ஒருதடவ கேட்டுக்கறேன்."

டீச்சர் தனக்குத் தெரிந்த எல்லா மொழியிலும் தேடினாள். எதிலும் ஒரு வார்த்தை அகப்படவில்லை. கடைசியில், "அழிச்சிட்டேன்மா" என்றாள்.

"அப்போ அவங்ககிட்ட மட்டும்தான் இருக்கா?"

"ஆமா."

இரண்டு பேரும் சேர்ந்து குடியேற்ற அலுவலகத்துக்குப் போனார்கள். வழக்கு ஆவணம், தர முடியாது என்றார் சன்னலுக்குப் பின்னால் இருந்தவர். மறுபடியும் போனார்கள். அதே பதில்தான்.

திரும்பி வரும் பேருந்தில் மனைவிக்கு அக்காவிடமிருந்து அழைப்பு வந்தது. அவள் தன் மொழியில் தாழ்ந்த குரலில் பேச ஆரம்பித்தாள். டீச்சர் எழுந்து, நாலு இருக்கை தள்ளி, எஞ்சின் இரைச்சல் அதிகமாக இருந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.