வாங்கும் கை

ஒரு உயிரின் விலை மூன்று டொலர். 1979இல், டண்டினொங் நகருக்கு அப்பால் புதர்க்காட்டோரம் இருந்த அந்தக் கைத்துப்பாக்கிக் கழகத்தில் அதுதான் சந்தை நிலவரம். மூன்று டொலரைக் கட்டி, செத்தால் கழகம் பொறுப்பல்ல என்ற தாளில் கையெழுத்தும் வைத்தால் போட்டிக்கு விடுவார்கள். வரதராஜா இரண்டுக்குக் கேட்டுப் பார்த்தான். மேசையில் இருந்தவள் சிரிக்கவேயில்லை.

அவனுக்கு அது முதல் போட்டி. கடைசிச் சோதனையும் அதுவே. ஆறு மாதம் பழகியாயிற்று. இன்று பாதுகாப்புப் பிழை விடாமல் முடித்தால் உறுப்பினர். ஒன்று விட்டாலும் வெளியே, திரும்பச் சேர்க்கமாட்டார்கள். தொழிற்சாலையில் எல்லோருக்கும் அவன் வெறும் 'ராஜ்'. இங்கேதான், உறுப்பினர் பலகையில் எழுதுவதற்காக, முழுப் பெயரையும் எழுத்துக்கூட்டிக் கேட்டு வைத்திருந்தார்கள்.

மனைவி ராதாவும், யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த அவளுடைய தாய்மாமன் அரியரத்தினமும் கயிற்றுக்குப் பின்னால் நின்றார்கள். மாமாவின் காதில் பஞ்சு.

வடக்கே பாலைவனத்திலிருந்து வந்த காற்று அடுப்பைத் திறந்தாற்போல் அடித்தது. மண்மேட்டுக்கு முன்னால் ஆளுருவ அட்டைகள் மூன்று. நடுவில் வெள்ளையடித்த நாலாவது.

"அந்த வெள்ளை ஆரப்பா?" என்றாள் ராதா.

"குற்றமில்லாத ஆள். பட்டால் பத்துப் புள்ளி கழிப்பினம்" என்றான் வரதராஜா.

"பத்துத்தானோ?"

"ஊரிலை அதுகூடக் கழிக்கிறேல்லைப் பிள்ளை" என்றார் மாமா.

நடுவர் கென் நிறுத்தற்கடிகாரத்தைக் கையில் எடுத்தான். பிறகு விசில்.

வரதராஜா உறையிலிருந்து ரிவால்வரை உருவினான். ஆறு தோட்டா, அட்டைக்கு இரண்டு. முதல் அட்டையில் இரண்டு. இரண்டாவதில் ஒன்று விழுந்ததும் காற்று கண்ணில் மண்ணை அள்ளிப் போட்டது. கண்ணைச் சிமிட்டிக்கொண்டே மூன்றாவதுக்குத் தாவி இரண்டைப் போட்டான். முடிந்தது என்று நினைத்தான். எவ்வளவு வேகம்! உடம்பெல்லாம் இனித்தது.

கென் கடிகாரத்தைக் குனிந்து பார்த்தான். அந்நேரம் பார்த்து வரதராஜாவின் தொப்பி பறந்து கயிற்றுக்கு அப்பால் விழுந்தது.

"இந்தாரும் மருமோன், தொப்பி!" மாமா அதைத் தூசு தட்டி நீட்டினார்.

இடக்கை சும்மாதான் இருந்தது. ஆனால் பெண்சாதியின் மாமா ஒரு பொருளை நீட்ட, அதை இடக்கையால் வாங்குகிற பழக்கம் வரதராஜாவின் பரம்பரைக்கே இல்லை. மூளையைக் கேட்காமலே உடம்பு திரும்பியது. ரிவால்வர் இடக்கைக்கு மாறியது. வலக்கை மரியாதையாக நீண்டது. மாறுகிற வழியில் குழல்வாய் மாமாவின் வயிற்றைத் தடவி, ராதாவின் நெஞ்சுக்கு நேரே வந்து நின்றது. இடக்கையின் விரல் பிடி தேடி விசை வளையத்துக்குள் நுழைந்திருந்தது.

ராதா குழலைப் பார்த்தாள்.

"அசையாதே!"

கென் பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்துக் குழலை மண்ணுக்குத் திருப்பினான். விரலை ஒவ்வொன்றாகக் கழற்றித் துப்பாக்கியை வாங்கினான்.

"உன் மற்றக் கை சும்மாதானே இருந்தது? அதால் வாங்கியிருக்கலாமே!"

"அவர் என் மனைவியின் மாமா" என்றான் வரதராஜா ஆங்கிலத்தில்.

கெனுக்கு விளங்கவில்லை. அதை விளங்கவைக்க வரதராஜாவிடம் ஆங்கிலமும் இல்லை.

காதில் பஞ்சோடு மாமா தொப்பியை இன்னும் நீட்டிக்கொண்டே நின்றார். "என்ன மருமோன், அவர் கைகுடுக்கிறாரோ? போட்டியிலை வெண்டாச்சோ?"

"மாமா, பேசாமல் இருங்கோ" என்றாள் ராதா. குரல் அவளுடையதுபோல் இல்லை.

கென் ரிவால்வரின் உருளையைத் திறந்து உள்ளங்கையில் கொட்டினான். சுட்டு முடிந்த ஐந்து வெற்றுத் தோட்டாக் கோதுகள் கிலுங்கின. கடைசியாக ஒன்று பாரமாய் விழுந்தது.

புள்ளித் தாளில் வரதராஜாவின் முழுப் பெயருக்குக் குறுக்கே அவன் ஒரு கோடு இழுத்தான். அதன் கீழே எழுதினான்:

ஏற்றியது 6. சுட்டது 5. மீதி 1.