ஈரம் காயாத பிரஷ்

ஜன்னல் கம்பியில் நீர்த்துளிகள் வரிசையாகத் தொங்கின. ஒன்று விழும். அடுத்தது மெல்ல நகர்ந்து வந்து அந்த இடத்தில் நிற்கும். தென்காசியில் சாரல் காலம்.

வெயில் எட்டிப் பார்க்கும், நிற்காது. கொடியில் போட்ட வேட்டி காயாது. தீக்குச்சி பற்றாது. ஜாடியில் உப்பு நீர்விட்டுக் கிடக்கும். எதுவும் காயாத மாதம்.

அந்த மாதத்தில்தான், குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, கோமதிநாயகம் கன்னத்தில் நுரை பூசிக்கொண்டிருந்தார். புது பிரஷ். மருமகன் கொடுத்தது. அது அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

பிடித்திருக்கிறது என்று வீட்டில் யாருக்கும் தெரிந்துவிடக் கூடாது. அதில் மட்டும் அவர் கவனமாக இருந்தார்.

மருமகன் என்று அவர் வாயால் சொன்னதில்லை. "அந்தப் பையன்" என்பார். மணப்பாட்டுக் கடற்கரைப் பையன். பெயர் கிளமென்ட். கப்பலில் இன்ஜினியர். ஒரே மகள் குழல்வாய்மொழி, வீட்டில் கூப்பிடுவது மொழி, கட்டினால் இவரைத்தான் என்று நின்றாள். கட்டிக்கொண்டாள். கோமதிநாயகம் கல்யாணத்துக்குப் போகவில்லை.

முட்டை கூட நுழையாத வீடு. அதில் அவருக்கு ஒரு பெருமை. வேறு பெருமைகள் குறையக் குறைய, இது மட்டும் வளர்ந்துகொண்டே வந்தது.

இப்போது மொழிக்கு ஏழாம் மாதம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று மனைவி உலகம்மாள் ஒரே பிடியாக நின்றாள். "நீங்க மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டே இருங்க, யாரு வேண்டாம்னா? எம்பிள்ளை இங்கதான் வருவா." வந்தார்கள். சாரலோடு சாரலாக வந்தார்கள்.

கிளமென்ட் வாசலில் செருப்பைக் கழற்றினான். மற்றச் செருப்புகளை ஒட்டாமல், தள்ளி, ஓரமாக வைத்தான். கைப்பையிலிருந்து ஒரு கறுப்புத் தோல்பெட்டியை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினான்.

"மாமா, ஷேவிங் பிரஷ். பேட்ஜர்னு குளிர்நாட்டுல ஒரு மிருகம், அதோட முடி. புதுசுல கொஞ்சம் பாத்துப் பழக்கணும். மொதல்ல என்னன்னா..."

"பாத்துக்கிடுதேன்."

வாங்கிய கையோடு உள்ளே போய்விட்டார். சொல்ல வந்தவன் வாய் திறந்தபடி நின்றான். மொழி அதைப் பார்த்தாள். துணிப்பையைத் தூக்கிக்கொண்டு அறைக்குப் போனாள்.

அவருடைய பழைய பிரஷ் விளக்குமாற்றுக்குச் சொந்தம். கன்னத்தைக் கீறும். அது எதன் முடி என்று இத்தனை வருடத்தில் அவர் கேட்டதே இல்லை.

இது வேறு. நுனியில் வெளுப்பு. நடுவில் கறுத்த பட்டை. அடியில் மறுபடி வெளுப்பு. கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் முக்கினார், சோப்பில் சுழற்றினார், கன்னத்தில் வைத்தார். கண் தானாக மூடிக்கொண்டது.

இவ்வளவு பிரியமாகத் தன் முகத்தை எதுவும் தொட்டு எத்தனையோ காலம். கொடுத்தவன் அவனாக இல்லாமல் இருந்திருக்கலாம் என்று நினைத்தார்.

"அந்தப் பிரஷு என்னாச்சுங்க?" என்று உலகம்மாள் கேட்டாள்.

"அலமாரியில கெடக்கு. நமக்கு எதுக்கு அந்தச் சீமைச் சாமானெல்லாம்."

அலமாரியில் கிடக்கவில்லை. குளியலறையில், பினாயில் பாட்டிலுக்குப் பின்னால் இருந்தது. தினமும் சவரம் முடிந்ததும் ஈரத்தோடு தோல்பெட்டியில் திணித்து, மூடியை அழுத்தி, கொக்கியையும் மாட்டி ஒளித்து வைத்தார். காற்று படாமல். வெளிச்சம் படாமல். எதுவும் காயாத மாதத்தில்.

இரண்டொரு நாளில் வாடை வந்தது.

மழையில் நனைந்த மிருகம் ஒண்டிக் கிடந்த மூலை போல ஒரு வாடை. கூடத்தில் வந்தது. பூஜையறையில் வந்தது. திருநீறு பூசக் குனிந்தால் வந்தது. காபி டம்ளரை வாயருகே கொண்டுபோனால் வந்தது. அவர் போன இடத்துக்கெல்லாம் கூடவே வந்தது.

போன இடத்துக்கெல்லாம் கூடவே வருகிறதே என்று அவர் கொஞ்சம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. யோசிக்கத் தேவையில்லாத ஒரு பதில் அவரிடம் முன்பே தயாராக இருந்தது.

"வாடை அடிக்கி, தெரியுதா ஒனக்கு?"

"எனக்கு ஒண்ணும் வரலியே." உலகம்மாள் மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். "லேசா வருதோ என்னமோ."

"மீன் தின்ன ஒடம்பு. சோப்பு போட்டா போயிருமாக்கும்?"

மெதுவாகச் சொல்லவில்லை. அடுத்த அறையில்தான் கிளமென்ட் இருந்தான். அறைக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரு திரைச்சீலை, அவ்வளவுதான்.

கொஞ்ச நேரத்தில் குளியலறையில் வாளி நிரம்பும் சத்தம். காலையில் குளித்தவன் மறுபடியும் குளித்தான். அன்றிலிருந்து அந்தச் சத்தம் அடிக்கடி கேட்டது. வெளியே சாரல். உள்ளே தண்ணீர். கோமதிநாயகம் சாம்பிராணி போடச் சொன்னார். அந்த அறைக்குள் கூடுதலாகப் போடச் சொன்னார்.

பிறகு ஒரு மத்தியானம். எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். அன்று காலையில்தான் அவர் சவரம் செய்திருந்தார். முதல் கவளத்தை எடுத்தார். வாடை.

தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். "நான் அந்தப் பக்கம் போயி சாப்பிடுதேன். ஒரு வாய் எறங்க மாட்டேங்கு."

கிளமென்ட் நிமிரவில்லை. கையில் பிசைந்த சோறு அப்படியே இருந்தது. அதைத் தட்டில் வைக்கவும் இல்லை, வாயில் போடவும் இல்லை.

மொழி கையைக் கழுவிவிட்டு வந்தாள். அழவில்லை. "வந்ததுலேந்து இவரு ஒரு துண்டு மீன் தொடலப்பா. வீட்டுக்கு வெளியகூடத் தொடல. நீங்க கேக்கவும் இல்ல." அன்று மாலையே இருவரும் குற்றாலத்தில் ஒரு அறை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மறுநாள் பகல் பஸ்ஸில் தூத்துக்குடிக்கு, தங்கள் வீட்டுக்கு. பிரசவம் அங்கேயே இருக்கட்டும் என்றாள். இனிமேல் எல்லாமே அங்கேயே இருக்கட்டும் என்றாள்.

போகட்டும், என்றார் கோமதிநாயகம். சொல்லிவிட்டு வெகுநேரம் கூடத்தில் நடந்துகொண்டிருந்தார்.

விடிந்தது. சாரல் பெய்துகொண்டிருந்தது.

வீடு கழுவி விட்டிருந்தது. சாம்பிராணி மணம் மட்டும் இருந்தது. பார்த்தாயா, ஆள் போனதும் வாடையும் போயிற்று. தனக்குத்தானே சொல்லிக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழிட்டார்.

கொதிக்கும் தண்ணீர். பிரஷ். சோப்பு. இடது கன்னத்தை மழித்து முடித்தார். வலது கன்னத்துக்கு நுரை எடுத்தார். பூசினார்.

வாடை.

கதவைப் பார்த்தார். தாழிட்டிருந்தது. ஜன்னலைப் பார்த்தார். அந்தப் பக்கம் மழையும் முருங்கைமரமும்தான். வீட்டில் உலகம்மாள் தவிர வேறு யாரும் இல்லை. கையிலிருந்த பிரஷை மெல்ல, மிக மெல்ல, மூக்கருகே கொண்டுபோனார்.

கொண்டுபோகாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

காது மடல் சுட்டது. கழுத்து சுட்டது. அவமானப்பட யாராவது எதிரில் நிற்க வேண்டும் என்று அவர் நினைத்திருந்தார். யாரும் நிற்கவில்லை. கண்ணாடி மட்டும் இருந்தது. அதில் பாதி நுரையோடு ஒரு கிழவர். வாடை அவர் மேல்தான் இருந்தது. அவர்தான் அதைத் தினமும் ஆசை ஆசையாக எடுத்துப் பூசிக்கொண்டிருந்தார்.

முகத்தைக் கழுவினார். மறுபடி கழுவினார். குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டால் தீர்ந்தது. யாருக்குத் தெரியப்போகிறது? இந்த நினைப்பும் வந்தது. வந்ததை எண்ணி இன்னும் கூசிப்போனார். ஆனாலும் பிரஷைப் பெட்டிக்குள் வைத்து, துண்டில் சுற்றிக்கொண்டு கொல்லைப்பக்கம்தான் நடந்தார்.

உலகம்மாள் எதிரே வந்தாள். துண்டுக்கு வெளியே தோல்பெட்டியின் கறுப்பு மூலை தெரிந்தது. "இது அலமாரியில கெடக்குன்னியளே?"

துண்டை வாங்கிப் பிரித்தாள். பெட்டியைத் திறந்தாள். குனிந்து முகர்ந்தாள். நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

"அந்தப் பிள்ளை எங்கிட்ட வந்து கேட்டுச்சுங்க." அவள் குரல் உடைந்தது. "அத்தை, உங்க வீட்டுல வாடை போவ என்னத்தத் தேச்சுக் குளிப்பீங்கன்னு. ரெம்பத் தயங்கித் தயங்கிக் கேட்டுச்சு. நானும் பயத்தமாவு எடுத்துக் குடுத்தேனே. எடுத்துக் குடுத்துட்டேனேங்க."

கோமதிநாயகம் சட்டையை மாட்டினார். பெட்டியைக் கையில் எடுத்தார். குற்றாலத்தில் எந்த லாட்ஜ் என்று உலகம்மாளிடம் கேட்டுக்கொண்டார். குடை எடுக்கவில்லை.

ஆட்டோக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். கடைசியில் கேட்டேவிட்டார். "அண்ணாச்சி, ஒரு பக்கந்தான் எடுத்திருக்கிய?"

கன்னத்தைத் தடவிப் பார்த்தார். இடது பக்கம் வழவழப்பு. வலது பக்கம் முள். "ஓட்டுய்யா" என்றார். ரோட்டில் போகிறவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும். நன்றாகப் பார்க்கட்டும்.

சாரல் முகத்தில் அடித்தது. என்ன பேசவேண்டும் என்று யோசித்துக்கொண்டே போனார். நல்ல சொற்கள் கிடைத்தன. அறைவாசலில் நின்றபோது அவற்றில் ஒன்றுகூட இல்லை.

கதவு திறந்திருந்தது. ஜன்னலிலிருந்து கட்டில்கால் வரை ஒரு கயிறு. கயிறு முழுக்கச் சட்டைகள். எல்லாம் கிளமென்டுடையவை. துவைத்துப் பிழிந்தவை. ஒன்றும் காயவில்லை. சொட்டச் சொட்டத் தரையெல்லாம் ஈரம். அவன் உடம்பில் கிடந்த சட்டையும் ஈரம்.

மொழி கட்டிலில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"வாங்க மாமா" என்றான் கிளமென்ட். சொல்லிக்கொண்டே பின்னால் நகர்ந்தான். சுவர் வரை நகர்ந்து நின்றான். கையை நீட்டி, சாரல் உள்ளே அடிப்பதையும் பாராமல், ஜன்னல் கதவை அகலத் திறந்துவிட்டான்.

தனக்காகத்தான் திறக்கிறான் என்று கோமதிநாயகத்துக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. அடிபட்டிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

பெட்டியைத் திறந்து பிரஷை நீட்டினார். "வாடை இதுலேந்துதான் வந்துச்சு. ஈரத்தோட மூடி மூடி வச்சேன். நாந்தான் தெனமும் பூசிக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன். உங்க மேல ஒண்ணும் இல்ல. ஒண்ணுமே இல்ல."

கிளமென்ட் வாங்கி முகர்ந்தான். சிரிப்பான் என்று நினைத்தார். கோபப்படுவான் என்று நினைத்தார். அவன் பிரஷைக் கீழே வைத்துவிட்டு, தன் சட்டைக்கையைத் தூக்கி முகர்ந்தான். இன்னொரு கையையும் முகர்ந்தான்.

"நெசமாவா மாமா?" என்றான். "எம்மேல இல்லியா?"

மொழி அப்போதுதான் அழுதாள். "எம்பக்கத்துல வரவே மாட்டேன்னுட்டாருப்பா. பிள்ளைக்கு ஆகாதுன்னு கீழ பாயில படுத்தாரு."

கோமதிநாயகம் அங்கிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்காரும்படி யாரும் சொல்லவில்லை.

கிளமென்ட் என்ன செய்வதென்று தெரியாமல் பிரஷை எடுத்து வாளியில் அலசத் தொடங்கினான். ஷாம்பு பாக்கெட்டைப் பல்லால் கிழித்தான். உள்ளங்கையில் விட்டு, அமுக்காமல், வட்டமாகச் சுழற்றினான். நுரை வந்தது. ஒன்றிரண்டு முடி கழன்று வந்தது. அலசினான். மறுபடி நுரை. மறுபடி அலசல்.

"வெந்நி ஊத்தப்படாது மாமா. வெதுவெதுப்பு போதும்." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "கழுவிட்டு ஒதறி, முடி கீழ பாக்க காத்தோட்டமா தொங்கவிடணும். ஈரத்தோட மூடக் கூடாது. கொஞ்ச நாள்ல வாடை சுத்தமாப் போயிரும். அன்னைக்கே சொல்லணும்னுதான்..."

"சொல்ல வந்தீங்க. நாந்தான் கேக்கல."

அவன் கை ஒரு நிமிடம் நின்றது. பிறகு மறுபடி அலசினான்.

"இந்தப் பக்கத்த நீங்களே எடுத்து விடுங்க" என்றார் கோமதிநாயகம். வலது கன்னத்தைக் காட்டினார்.

"நானா?"

"நீங்கதான்."

கிளமென்ட் மொழியைப் பார்த்தான். அவள் பையை மடியிலிருந்து இறக்கி வைத்தாள். அவன் தன் ரேசரை எடுத்தான். சோப்பு எடுத்தான். எட்ட நின்றுகொண்டு, கையை முழுக்க நீட்டி, நுரை பூசினான். வாடை இன்னும் கொஞ்சம் இருந்தது. கோமதிநாயகம் முகத்தைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ரேசருக்கு எட்ட நிற்க முடியாது. கிட்ட வந்தான். ஒரு இழுப்பு. ஜன்னல் பக்கம் திரும்பினான். மறுபடி வந்தான். ஒரு இழுப்பு. மறுபடி திரும்பினான்.

சாரலைப் பார்க்கிறான் போலும் என்று முதலில் நினைத்தார். பிறகு அவன் முகத்தைப் பார்த்தார். சிவந்திருந்தது. நெஞ்சு அசையவில்லை.

மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான். தன் மூச்சு மாமனார் மேல் பட்டுவிடாமல், அடக்கி அடக்கி, ஜன்னல் பக்கம் திரும்பி விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தான்.

கோமதிநாயகத்துக்குக் கண் மறைத்தது. அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

"மூச்சு விடுங்க, மாப்ளை" என்றார். "இங்கயே விடுங்க."

அவன் விடவில்லை. உதடு துடித்தது. இன்னும் கொஞ்ச நேரம் அடக்கிப் பார்த்தான். பிறகு முடியாமல் விட்டான். நீளமான மூச்சு. வெதுவெதுப்பாக அவர் கன்னத்தில் பட்டது.

அவர் முகத்தைத் திருப்பவில்லை.